லேமினேட் செய்யாத பதினேழு தாள்கள்

காலை 5.10. எழும்பூரில் இறங்கினேன். தோளில் ஒரு பை, கையில் மூன்றடி நீள அட்டைப்பெட்டி. ராயபுரத்துக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றெண்பதுக்கு வந்தார். பெட்டிக்குள் என்ன என்றார். ஒன்றுமில்லை, காலி என்றேன். காலிப் பெட்டியைத் தஞ்சாவூரிலிருந்து சுமந்து வருகிறவனைக் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

பழைய தாள்களையும் ஓலைச்சுவடிகளையும் கெடாமல் காப்பது என் வேலை. எண்ணூர்க் குப்பம் ஒன்றில் ஒரு குடும்பத்திடம் இருக்கும் நாற்பத்து மூன்று தாள்களை இந்தப் பெட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். எழுதியவர் பெயர் யாக்கோப். ஜெர்மனியில் வயலின் வாசித்தவர், கவிஞர். யூதர் என்பதால் இசைக்குழுவிலிருந்து துரத்தப்பட்டு, ஹிட்லருக்குத் தப்பிக் கப்பலேறி மதராசுக்கு வந்தவர்.

5.45. ராயபுரம். அவர் மாடியறையில் வாடகைக்கு இருந்த தெருவைத் தேடிப் பிடித்தேன். வீடு இல்லை. படகு இன்ஜின் உதிரிபாகக் கடையும் ஐஸ் கம்பெனியும்தான் இருக்கின்றன. பன்னிரண்டு ரூபாய்க்கு நல்ல டீ. இங்கிருந்துதான் தேவாலயங்களுக்கும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீடுகளுக்கும் போய்ப் பியானோவுக்குச் சுதி சேர்த்துப் பிழைத்திருக்கிறார். போர் வந்ததும் ஜெர்மானியர் என்று வெள்ளைக்காரப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அங்கே யூதன் என்று அடி, இங்கே ஜெர்மானியன் என்று சிறை. முகாமிலேயே காய்ச்சலில் இறந்ததாகக் குடும்பம் சொல்கிறது. போகும்போது இந்தத் தாள்கள் இருந்த தகரப்பெட்டியைத் தன்னோடு தினமும் கரையில் உட்கார்ந்து பேசும் கட்டுமரக்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் பேரனின் மனைவி தேவகியைத்தான் பார்க்கப் போகிறேன்.

7.15. திருவொற்றியூர் பேருந்து. டிக்கெட் பத்து ரூபாய், தூரம் ஏழு கிலோமீட்டர், நேரம் ஐம்பது நிமிடம். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும்போது பேருந்தும் வரிசையில்தான் நிற்கும். நடந்து போனவர்கள் எங்களை முந்திப் போனார்கள்.

அந்த நேரத்தில், செய்த காரியத்தை நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. தேவகி முதலில் போனில் பேசியது போன வருடம் ஜூலையில். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், கைக்குக் காசு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு தாளாகக் கொடுத்து, தாளுக்கு முப்பது ரூபாயில் லேமினேட் செய்துகொண்டிருந்தார். உப்புக்காற்றில் பொடிந்து போகிறதே என்ற கவலை. இருபத்தாறு முடிந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. சூடும் பசையும் தாளைத் தின்னும், ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது, எங்கள் தொழிலில் இதைவிடப் பாவம் கிடையாது. மீதியை லேமினேட் செய்யக் கூடாது, தகரப்பெட்டியைத் திறக்கவே வேண்டாம், நானே வருகிறேன் என்று அதட்டாத குறையாகச் சொன்னேன்.

ஐந்து மாதமாக நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. டிசம்பரில் வெள்ளம் வந்தது, தண்ணீரோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் வந்தது. தேவகி மறுபடி பேசினார். பதினேழும் நனைந்து ஒட்டிக்கொண்டன என்றார். பிரிக்கப் பார்க்காதீர்கள், நிழலில் வையுங்கள், வருகிறேன் என்றேன். அதற்கும் ஆறு வாரமாயிற்று.

8.30. ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். பக்கத்தில் இருந்தவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைபோடுகிறவர். எண்ணூரில் பெண் எடுத்தவராம். மாமனார் வீட்டுச் சுவரை எத்தனை முறை வெள்ளையடித்தாலும் கறுப்பு மேலே வருகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கியதும் பார்த்தேன். தெரு முழுக்க எல்லாச் சுவரிலும் இடுப்பளவில் ஒரே கோடு.

9.05. தேவகிக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் இறால் பிரித்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவி வந்து முறுக்கும் காப்பியும் கொடுத்தார். முதலில் லேமினேட் செய்த தாள்களைக் கொண்டுவந்து பாயில் பரப்பினார். இவையும் அதே எண்ணெய்த் தண்ணீரில் கிடந்தவைதான், சபீனாத் தூள் போட்டுத் துடைத்தாராம். இசைக்குறிப்பின் ஐந்து கோடுகளும், அவற்றில் ஏறியிறங்கும் புள்ளிகளும், அடியில் பென்சிலில் எழுதிய கவிதை வரியும் பளிச்சென்று தெரிந்தன. புதுச்சேரியில் ஜெர்மன் படித்த நண்பர் ஒருவர் இவற்றைப் போட்டோவில் பார்த்து, தேடிப்பிடித்துச் சொன்னது இதுதான்: இந்த மனிதர் எழுதியதில் உலகத்தில் வேறு எதுவுமே மிஞ்சவில்லை. எட்டுப் பாட்டுகள் முழுதாக இருக்கின்றன. ஒன்பதாவது பாதியில் நிற்கிறது. மீதிப் பாதி அந்தப் பதினேழில்.

பின்கட்டில் கருவாடு காயவைக்கும் வலைமேல் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது, மேலே கல். பூனைக்காக என்றார். கூடையை எடுத்தார். செங்கல் அளவில் கறுப்பாக ஒரு கட்டி. ஓரத்தில் மட்டும் தாள் தாளாகக் கோடு தெரிந்தது. டீசல் வாடை இன்னும் போகவில்லை.

"கைய வைக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. வைக்கல சார். ஆறு வாரமா அப்டியேதான் கீது."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஏதாவது செய்கிறவன்போல இருக்க வேண்டுமே. அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒன்னு கேக்கறேன், உள்ளத சொல்லுங்க. நான் பாட்டுக்கு இத்தயும் லேமினேட் போட்டிருந்தா, இதுவும் தப்பிச்சிருக்கும்ல?"

வெப்பம், பசை, ஐம்பது வருடம் கழித்து என்னவாகும் என்றெல்லாம் வாயில் வந்தது. விழுங்கிவிட்டு, "தப்பிச்சிருக்கும்க்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்ப் பாயில் கிடந்த இருபத்தாறையும் எண்ணி அடுக்கி, ஒரு பழைய சேலையில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து கட்டியை ஒரு தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"நல்லா கீறது என்னாண்டயே இருக்கட்டும். கெட்டத எடுத்துகினு போங்க. இத பிரிச்சி, அந்தப் பாட்டு மீதிய என் கண்ணுல காட்டுங்க. அப்பால வந்து அத்தயும் கேளுங்க, தர்றேன்."

கட்டியை எடுத்தேன். உறிஞ்சுதாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்றடிப் பெட்டியில் ஒரு மூலைதான் நிறைந்தது.

12.20. எண்ணூர் ரயில் நிலையம். சென்ட்ரலுக்கு ஐந்து ரூபாய். எதிர் இருக்கையில் இருந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பெட்டியைக் காட்டி, ஏதாவது கசிகிறதா என்று கேட்டார். பழைய பாட்டு என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

எங்கள் ஊரில் ஓலைச்சுவடிக்கு நாங்களே எண்ணெய் தடவுகிறோம், பூச்சி அண்டாமல் இருக்க. சுவடிக் கூடத்தில் ஏசி இரவும் பகலும் ஓடும். நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒரு சொட்டு மழை உள்ளே வந்ததில்லை. என் விதிகள் எல்லாம் அந்தக் கூடத்தில் கற்றவை. அங்கே அவை சரிதான். கடல் வாசலுக்கு வரும் வீட்டில் முப்பது ரூபாய்க் கடைக்காரரின் பிளாஸ்டிக்தான் காப்பாற்றியது; அதை நான் அதட்டி நிறுத்தினேன்.

கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக நின்றபோது வரவுப் படிவத்தை மடியில் வைத்து நிரப்பினேன். ஆசிரியர்: யாக்கோப். தாள்கள்: பதினேழு. பொருள்: பாட்டுகள், ஒன்பதாவதன் பிற்பாதி முதல். சேதத்தின் காரணம் என்ற கட்டத்தில் வெள்ளம், எண்ணெய் என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது. "என் ஆலோசனை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.