ஹாலின் குறுக்கே ஒரு சுவர்

மாடி ஹாலில் சாய்த்து வைத்து, தார்ப்பாயால் மூடியிருந்த ஜிப்சம் பலகைகள்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுத் துணிகள்கூட லேசில் காயாது. அந்த ஈரம் பலகையில் ஏறிவிடும் என்று அப்பா தினமும் தார்ப்பாயை விலக்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

கணவர் வீட்டை விட்டு நான் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஹாலில்தான் படுக்கை. குறுக்கே ஒரு தடுப்புப் போட்டு எனக்கு அறை ஆக்கித் தருவதாக அப்பாவே சொன்னார். செங்கல் வைத்தால் மாடித் தரைக்குப் பாரம் என்பதால் ஜிப்சம். ஆய்க்குடியிலிருந்து ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அப்பா என்னை விசாரிக்கத் தொடங்கினார். "அவன் எதுக்கு மொட்டமாடிக் கதவப் பாக்கான்? வீட்ல எத்தன பேருன்னு எதுக்குக் கேக்கான்?" கடைசியில், "ஆளே வேண்டாம்ட்டி, நாமளே போட்டுருவோம்" என்றார்.

செல்போனில் வீடியோக்கள் பார்த்தார். இரும்புச் சட்டம் அடித்தார். நான் பலகையைத் தாங்கிப் பிடிக்க, அவர் ஏணியில் நின்று ஸ்க்ரூ முடுக்கினார். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் அது பலகையின் மேல்தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். முதல் பலகையின் மூலை நொறுங்கியது. அடுத்தது நின்றது, ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் பூசிய பூச்சு வெடித்துவிட்டது. மழை விடட்டும், பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டார். மழை விட்டது. அவர் ஏணியைத் தொடவில்லை.

நானும் அவர் மகள்தானே. எனக்கும் சந்தேகம் வந்தது. சுவர் எழுந்துவிட்டால் நான் இங்கேயே தங்கிவிட்டதாக ஆகிவிடும், அதனால்தான் இழுத்தடிக்கிறாரோ? அவர் போனில் குரலைத் தாழ்த்தினால், மறுமுனையில் என் மாமனார்தான் என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவிடம் கேட்டேவிட்டேன். வெளியாள் வந்தால் அறை யாருக்கென்று கேட்பான், அது ஊருக்குள் பேச்சாகும், உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதென்று அவருக்குப் பயம் என்றாள் அம்மா. நான் பாதிதான் நம்பினேன்.

மறுநாள் அந்த ஆய்க்குடிக்காரரை நானே வரவழைத்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்தவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா பயந்த கேள்வி மதியத்துக்கு முன்பே வந்தது.

"ரூமு யாருக்கு அண்ணாச்சி?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குத்தான். புருசன் வீட்ட விட்டு வந்துட்டேன். இனி இங்கனதான் இருப்பேன்" என்றேன்.

ஆய்க்குடிக்காரர் தலையாட்டினார். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான்.

அப்பா எழுந்து வந்து, கதவு வரவேண்டிய இடத்தில் நின்றார். "தாப்பாள உள்பக்கம் வையும். வெளிப்பக்கம் ஒண்ணும் வேண்டாம். அவளாத் தொறந்தாத்தான் தொறக்கணும்" என்றார்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக்கூட அப்பா இன்றைக்கும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார். என் அறைக்கு வந்தால் மட்டும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நான் திறக்கும்வரை வெளியே நிற்கிறார்.