எனக்காகப் பேச வந்த நண்பன்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மலேசியாவின் குளுவாங்கில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் நடந்தது இது. அப்போது நான் காஹாங் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான்.

என் படிப்பு பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நின்றது. பிறகு சிங்கப்பூர், பெக்கோக், யோங் பெங் என்று சுற்றினேன். ஓர் இடம் கசந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம். காஹாங்குக்கும் அப்படித்தான் வந்தேன். வந்த சில மாதங்களில், ஓட்டும்போதே நெஞ்சு அடைத்தது. அடிக்கடி லோரியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. லோரி முதலாளியான தவுக்கே சாவியைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயம். சோதித்துப் பார்த்த டாக்டர், இருதயம் நன்றாகத்தான் இருக்கிறது, கவுன்சலிங் போங்கள் என்றார்.

அரசாங்க இடம் என்றால் நன்றாகப் பேசத் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிப் போவது எங்கள் பழக்கம். அடையாள அட்டையான ஐசி தொலைந்தாலும் அப்படித்தான், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலும் அப்படித்தான். என்னோடு லோரி ஓட்டும் நண்பனைக் கூட்டிப் போனேன்.

கவுன்சலர் ஒரு தமிழ்ப் பெண். நாங்கள் உட்கார்ந்ததுமே நண்பன் ஆரம்பித்துவிட்டான்.

“மிஸ், இவனுக்கு ஒரு இடத்துல கால் நிக்காது. கோயில்ல கயிறும் கட்டியாச்சு. தம்பி செத்ததுலேர்ந்துதான் இப்படி நெஞ்சு அடைக்குது.”

யாருடைய கதையோ போல நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, நீங்க வெளிய தேத்தண்ணி குடிச்சிட்டு இருங்க. மத்தத இவரே சொல்லட்டும்” என்றார் கவுன்சலர்.

“அலமாக், இவன் வாயைத் தொறக்கமாட்டான் மிஸ். அதுக்குத்தானே நான் லீவு போட்டு வந்தேன்!”

அவர் சிரித்தார். ஆனால் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நண்பன் வெளியே போனான்.

மாத்திரை தருவார், இல்லாவிட்டால் புத்தி சொல்வார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. இங்கே பேசுவது வெளியே போகாது, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றார்.

“எப்ப சரியாகும் மிஸ்?”

“தெரியாதுண்ணே. இன்னைக்கே ஆகாது. பேசிட்டுப் போனா சில நாள் இன்னும் கனமாக்கூட இருக்கும்.”

இது என்ன வைத்தியம் என்று எரிச்சல் வந்தது. எழுந்து போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

“யோங் பெங்ல நானும் தம்பியும் ஒரே வீடு. மோட்டார் சைக்கிள்ல போனவன் திரும்பி வரல. கருமாதி முடிஞ்ச கையோட இங்க வந்துட்டேன் மிஸ். அவன் ரூம்பக்கூட தொறக்கல.”

அதைச் சொல்லிவிட்டு அழுதேன்.

அவர் சொன்னது போலவே அந்த வாரம் முழுவதும் கனமாக இருந்தது. பெக்கோக்கில் ஒரு லோரிக்கு ஆள் தேடினார்கள். துணிகளைப் பையில் போட்டேன். நண்பன் வந்து பார்த்தான்.

“என்னடா, மிஸ் ஒரு வார்த்தை அதட்டல, அதுக்கே ஓடுறியா?”

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் யோங் பெங்கிலிருந்து என்னோடு காஹாங்குக்கு வந்த அந்தக் கனம், பெக்கோக்குக்கு மட்டும் வராமலா இருக்கும்? துணிகளை வெளியே எடுத்தேன். வரவில்லை என்று பெக்கோக்குக்குச் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று மறுபடி கிளினிக்குக்குப் போகத் தவுக்கேயிடம் அரை நாள் லீவு கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

“நானும் வரட்டா?” என்றான் நண்பன்.

“வா லா. ஆனா உள்ள வராத.”

பல மாதங்கள் போனேன். நடுவில் ஒரு நாள் யோங் பெங்குக்குப் போய்த் தம்பியின் அறையைத் திறந்து, அவன் சட்டைகளை மடித்து வைத்தேன். இன்றும் சில காலைகளில் நெஞ்சு அடைக்கிறது; ஓரம் கட்டி, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, பழத்தை ஆலையில் கொண்டுபோய் இறக்குகிறேன். என் துக்கத்தை என் வாயாலேயே சொல்லத் தொடங்கிய பிறகு, அதற்குப் பயந்து ஊர் மாறுவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன்.