நாற்பத்தொன்றாவது நொடி

இது நான் ஜோடித்த கதை இல்லை. ஜோடிக்கும் சாமர்த்தியம் இருந்திருந்தால், அன்று வேறொருவர் எடுத்த காட்சியை நகல் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

தம்பேரே நகரில் திரைப்படக் கல்லூரி, இரண்டாம் ஆண்டு. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் காட்சியை நொடி பிசகாமல் திரும்ப எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. எனக்கு வந்தது நாற்பத்தெட்டு நொடிக் காட்சி. சமையலறை மேசையில் ஒரு பெண். அவள் முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு. காபி ஆறிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொன்றாவது நொடியில் அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழும். அவ்வளவுதான்.

நடித்தவள் என் தோழி ஹெல்மி. அன்று பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு ஃபோன் வந்தது. செய்னாயோக்கி ஊர் மருத்துவமனையில் இருந்த அவள் அம்மாவுக்கு இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அடுத்த ரயில் 3.05. அதுவரை நடித்துத் தருவதாக ஹெல்மியே சொன்னாள்.

1.50. முதல் டேக். கண்ணீர் இருபதாவது நொடியிலேயே வந்துவிட்டது. அடுத்த டேக்கில் முப்பதில். நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன், பாவி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

2.14. நான்காவது டேக். கேமராமேன் யல்மாரி கையசைத்துக் கூப்பிட்டான்.

எங்கள் கேமரா, எந்த முகத்தைக் கண்டாலும் திரையில் அதைச் சுற்றி வெள்ளையாய் ஒரு சதுரம் போடும். இப்போது இரண்டு சதுரங்கள் தெரிந்தன. ஒன்று ஹெல்மியின் முகத்தில். இன்னொன்று... அவளுக்குப் பின்னால், கதவருகே. அங்கே யாரும் இல்லை.

"உன் கேமராவுக்குக் கண்ணு கெட்டுப்போச்சுடா," என்றேன்.

"எனக்கும் சேர்த்துக் கெட்டிருக்கு போல," என்றான். சிரிக்கவில்லை.

2.31. எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் மதியமே இருட்டிவிடும்; ஜன்னலில் இருட்டத் தொடங்கியிருந்தது. ஆறாவது டேக். சதுரம் கதவைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. பெரிதாகியிருந்தது.

க்ரீச்... பலகைத் தரை.

நாங்கள் யாரும் நகரவில்லை.

2.44. "தூலி, நேரமாச்சுடீ. நான் கெளம்பட்டா?" என்று ஹெல்மி என்னைக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவைடீ. நாப்பதுல வந்துட்ட. இன்னும் ஒரு நொடிதான்."

ஹெல்மி உட்கார்ந்தாள். அவளுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

2.49. சதுரம் அவள் தோளுக்குப் பின்னால் நின்றது.

"நிறுத்திடலாம், தூலி..." என்றான் யல்மாரி.

ஆனாலும் எண்ணினேன்.

முப்பத்தொன்பது...

நாற்பது...

நாற்பத்தொன்று.

சொட்டு விழுந்தது.

இரண்டு சதுரங்களும் ஒன்றாயின.

"கட்."

அப்போதும் அவளை விடவில்லை. டேக்கைப் போட்டுப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் நடிகர் கிளம்பலாம் என்பது எங்கள் வழக்கம். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பதிவில் அந்தச் சதுரங்கள் விழாது. காட்ட என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. 3.01க்குத்தான் ஹெல்மி கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். ரயில் போய்விட்டது. அதற்கடுத்த ரயில் 5.05.

அம்மா 4.50க்கு இறந்துபோனார். அந்த முதல் ரயில் 4.15க்கே போய்ச் சேர்ந்திருந்தது.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத்தான் நான் அந்தப் பயிற்சியில் கற்றேன். கற்றபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

அடக்கம் முடிந்து ஹெல்மி திரும்பி வந்தாள். கண் மூடிக் கிடந்த அம்மா இரண்டு மணியிலிருந்து புலம்பிக்கொண்டே இருந்ததாக நர்ஸ் சொன்னாளாம். ஹெல்மி என்னைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்.

"யாரோ ஒரு பொண்ணு என் மகள எந்திரிக்க விடமாட்டேங்குறா. நானும் பக்கத்துல போய்ப் போய்க் கெஞ்சுறேன்... அவ காதுலயே போட்டுக்கல."