கிளம்புகிறவரிடம் கேட்கக் கூடாதது

வெள்ளிக்கிழமை காலை 8.10. நாகப்பட்டினத்தில் பேருந்து ஏறினேன். காரைக்காலுக்கு இருபது கிலோமீட்டர். கட்டணம் இருபத்தைந்து ரூபாய். நாகூர் தாண்டி வாஞ்சூரில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. அதைச் சொல்வது மதுக்கடைகளும் காவலரின் சிவப்புத் தொப்பியும்தான். பேச்சு மாறவில்லை, வயலும் மாறவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் மீன்கூடைகளோடு நான்கு பெண்கள் ஏறினார்கள். 9.05க்குக் காரைக்கால்.

கடற்கரைச் சாலைக்கு அருகே பதினான்கு அறைகள் கொண்ட ஒரு விடுதி. நாள் வாடகை எண்ணூறு ரூபாய். திருநள்ளாறு சனீஸ்வரர் கோயில் ஐந்து கிலோமீட்டர்தான் என்பதால், சனிக்கிழமை தரிசனத்துக்கு வருகிறவர்களால் வெள்ளிக்கிழமைகளில் இடம் கிடைப்பது அரிது. எனக்குக் கடைசி அறை கிடைத்தது. வரவேற்பு மேசையில் சுமதி. முப்பது வயதிருக்கும். பக்கத்துக் கிராமமான போலகத்தில் நெல் பயிரிடும் குடும்பம். ஒரு மாதச் சோதனை வேலையில் இருக்கிறார். மறுநாளோடு அது முடிகிறது. இதை அவர் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போடும்போது உரிமையாளர் காதர் பாய் வந்து பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா, 'அடுத்துப் போகும் ஊர்'ங்கிற கட்டம் ஒரு மாசமா காலியாக் கெடக்கு. போலீஸ் வந்து பாத்தா நான் என்னன்னு சொல்றது?"

"கெளம்பி வாசல்ல நிக்கிறவங்கள எங்க போறீங்கன்னு எப்புடி பாய் கேக்குறது? போற காரியம் வெளங்குமா?"

"அவங்கல்லாம் ஐதராபாத்து, பெங்களூரு. இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுதுல்ல பாய்."

"நாளைக்குக் கெளம்புறவங்க போற ஊரு இதுல இருக்கணும். இருந்தா நீ இங்க இருக்கே. இல்லேன்னா போலகத்துல போயி நாத்து நடு."

பாய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று சுமதியிடம் விசாரித்தேன்.

"கேக்கலீங்களே" என்றார்.

மாலை 5.30. தலத்தெருவில் ஒரு மாடியறையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு. சுமதி வேலை முடிந்து தினமும் அங்கே போகிறார். வெளியூர்க்காரர் யாராவது அகப்பட்டால் அழைத்துவரும்படி ஆசிரியை விமலா சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டுப் பழக ஆள் வேண்டும். நான் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒன்பது பேர். முதல் கேள்வி, "ஆர் யூ மேரிட்?" இரண்டாவது, "வாட் இஸ் யுவர் சேலரி?"

விமலா கையை உயர்த்தினார். "அவரு என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்காரு? இங்கிலீஷ்ல நேரா கேட்டா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும். 'மே ஐ நோ', 'குட் யூ டெல் மீ', இதுல ஒண்ண முன்னால போடுங்க. கேள்வி பின்னால அடக்கமா வரட்டும்."

"மே ஐ நோ வாட் யுவர் சேலரி இஸ்?" என்றார் அதே ஆள். மரியாதை கூடியிருந்தது. நான் அப்போதும் சொல்லவில்லை.

சுமதியின் முறை வந்தது. "மே ஐ நோ வேர்..." என்று தொடங்கி நின்றுவிட்டார்.

"சொல்லுங்க சுமதி."

"மேடம், எவ்வளவு சுத்தி வளைச்சாலும் அந்த 'எங்க' உள்ளயே நிக்குதே?"

விமலா சற்று யோசித்தார். "நிக்கத்தான் செய்யுது. இங்கிலீஷ்காரங்களுக்கு அது தப்பில்ல. நமக்கு என்ன வழின்னு நீங்கதான் பாக்கணும்."

சனிக்கிழமை காலை 10.40. தரிசனம் முடித்துத் திரும்பிய ஐதராபாத் தம்பதி இரண்டு பெட்டிகளோடு மாடியிலிருந்து இறங்கினார்கள். காதர் பாய் நாளிதழோடு நாற்காலியில் இருந்தார், பக்கம் புரளவில்லை. சுமதி சாவியை வாங்கினார். பதிவேட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

"சார், இஸ் இட் எ லாங் ஜர்னி?"

விமலாவின் காதில் விழுந்திருந்தால் இதையும் நேர்க் கேள்வி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒருவர் செருப்பை மாட்டினால் "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். மனமிருந்தால் அவர் ஊரைச் சொல்லலாம். இல்லாவிட்டால் "பக்கந்தான்" என்று நடந்துவிடலாம். சுமதி அதையே ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்.

ஐதராபாத்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். தூரமில்லை, இன்று சிதம்பரம்; நாளை சென்னையில் மகள் வீடு; செவ்வாய்க்கிழமை பேரனுக்கு மொட்டை. புதன்கிழமை என்று மனைவி திருத்தினார். சுமதி எழுதிக்கொண்டே இருந்தார். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

அவர்கள் போனதும் பாய் எழுந்து வந்து படித்தார்.

"மொட்டையெல்லாம் எதுக்கும்மா எழுதுன?"

"அவங்களா சொன்னாங்க பாய்."

"சரி. திங்கக்கிழமை வர்றப்ப ஆதார் நகல் ஒண்ணு கொண்டா."

சுமதி தலையை மட்டும் ஆட்டினார். பாய் உள்ளே போன பிறகுதான் சிரித்தார்.

11.30க்கு நான் கிளம்பினேன். எங்கே, எப்போது, ஏன் என்று நேராகக் கேட்டே செய்தி சேகரித்துப் பிழைத்தவன் நான். கிடைத்த பதில்களில் சுருக்கமானவையே அதிகம். சென்னையில் என் குடியிருப்பு வாசலில் காவலாளியும் அப்படித்தான், வெளியே போகிற ஒவ்வொருவரையும் "எங்க சார்?" என்று கேட்கிறார். பெட்டியோடு போகிறவர்கள்கூடக் "கடைக்கு" என்கிறார்கள்.