கொட்டகைக்கு ஓர் இரும்புத் திரை

குவைத்தின் ஃபஹாஹீலில் மத்தியானம் ஆனால் கடைத்தெரு மொத்தமும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடும். நம் ஊரில் பட்டப்பகலில் கடையடைத்தால் யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். வந்த புதிதில் யார் என்று விசாரித்து அசடு வழிந்தேன். நாலு மணிக்கு அத்தனை ஷட்டரும் கடகடவென்று ஏறும்போது இப்போது எனக்கு நெஞ்சு குளிர்கிறது. காரணம் இருக்கிறது.

அப்பா நாடகக் கொட்டகை நடத்தினார். ரைஸ்மில் நாகலிங்கம் அந்த இடத்தை விலைக்குக் கேட்டார். அப்பா மறுத்த மறுவாரமே கொட்டகை எரிந்தது. ஆள் வைத்து எரித்தது யார் என்று ஊருக்கே தெரியும்; சாட்சி சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை. டிக்கெட் கொடுக்கும் முன்சுவர் மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்துப் பார்த்தே அப்பா கண்ணை மூடினார். குடும்பம் நிமிரத்தான் குவைத் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த ஆளைத் திருப்பி அடிக்கத்தான் வந்தேன்.

இங்கே நான் கட்டடப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். என் என்ஜினீயர் வியன்னாக்காரர். அவர் மேஜையில் அவர் ஊர் ஆப்பெரா மாளிகையின் படம் இருக்கும். அங்கே வசனத்தையும் பாடியே தீர்ப்பார்களாம். உலகப் போரில் குண்டு விழுந்து எரிந்துபோனதை, மிஞ்சிய முகப்பை இடிக்காமல் அதன் பின்னாலேயே பத்து வருஷமாகக் கட்டி எழுப்பினார்களாம். குண்டு போட்டது அமெரிக்கா. அவர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

“டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள்” என்றார்.

இதைவிடக் கொடிய தண்டனை இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

மேடைத் தீ ஜனங்கள் பக்கம் தாவாமலிருக்க ‘அயர்ன் கர்ட்டன்’ வேண்டும் என்றும் சொன்னார். எனக்குத் தெரிந்த இரும்புத் திரை கடைத்தெரு ஷட்டர்தான். எங்கள் கொட்டகையை மறுபடி கட்டப் படம் போட்டபோது மேடைக்கு அதையே வரைந்தேன். படத்தைப் பார்த்தவர், துணிக்கடை கட்டுகிறாயா என்று கேட்டார். கேட்கட்டும். ஊரிலிருந்த தம்பிக்கு அதை அனுப்பி எழுதினேன்: முன்சுவரை இடிக்காதே, நாகலிங்கத்தை முதல் வரிசையில் உட்கார வை. இரும்பு அவர் மூக்குக்கு நேரே ஏற வேண்டும்.

என் மூன்று வருஷச் சம்பளத்தில் கொட்டகை எழுந்தது. திறப்பு விழாவுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் அரபி முதலாளியின் பெட்டியில் இருந்தது. தம்பியின் கடிதம்தான் வந்தது, ஒரு போட்டோவோடு.

“அண்ணே, ஷட்டர் ஏறினப்ப அந்தாளு மூஞ்சியில ஈயாடல. முன்வரிசையில உங்க பேர் எழுதின நாற்காலி ஒண்ணுதான் காலியா இருந்துச்சு. அதுலதான் உக்கார வெச்சேன்.”

ஈயாடவில்லை என்பது உண்மைதான். அந்தப் போட்டோவை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அவர் தோளுக்கு மேலே என் பெயரின் கடைசி இரண்டு எழுத்து தெரிகிறது. கொட்டகையை எரிக்கக் காசு கொடுத்த கை, என் நாற்காலியின் கைப்பிடியில் கிடக்கிறது.