திருட்டு இன்ஸ்பெக்டரின் கை

திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவர்களில் சினிமாவில் நடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இஷாக். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். அரம் பிடித்த கையாலேயே மாடி வீடு எழுப்பியவர். படத்தில் வந்ததும் அந்தக் கைதான், முகமில்லை.

அவர் பூட்டுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்கு ஷூட்டிங் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகனே திருட்டு இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் பெட்டியில் இருக்கும் களவு நகையைக் கள்ளச்சாவி போட்டு எடுத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவன்போலத் திரும்பப் பூட்ட வேண்டும். நடிகருக்கு மாங்காய்ப் பூட்டு மசியவே இல்லை. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இஷாக்தான் கையை நீட்டினார்.

போலீஸே திருடுவதா என்று சனம் முகம் சுளித்தது. ஒரே வாரத்தில் படம் பெட்டிக்குள் போய்விட்டது. அப்புறம் இஷாக் சொன்னதை நம்ப ஆளில்லை.

இப்போது அந்தப் படத்தை எங்கிருந்தோ தேடியெடுத்து, சுத்தம் செய்து, கல்லூரி அரங்கில் போடுகிறார்கள். தெருவையே கூப்பிட்டுவிட்டார் இஷாக். புறப்படும்போது வீட்டைப் பூட்டினார். பூட்டை இழுத்தார், இழுத்தார், ஒரு உலுக்கு உலுக்கி மறுபடி இழுத்தார்.

"இழுத்தது போதும், வாங்க" என்றார் மனைவி சைதூன். கல்யாணமானதிலிருந்து தினமும் சொல்வதுதான்.

அரங்கில் பின்வரிசையில் பிரியாணிக்கடை நாசர். "மாமு, உங்க கை வாரப்ப சொல்லுங்க. விசிலடிக்கணும்ல."

"நான் எதுக்குடா சொல்லணும்? பாத்தாலே தெரியும்."

சொல்லிவிட்டாரே தவிர, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் பேரா எழுதியிருக்கிறது? இம்புட்டு நாள் தோன்றாத பயம் இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது.

திரையில் லாந்தர் வெளிச்சம். காக்கிக் கை ஒன்று நீண்டது. இளசான, சுருக்கமில்லாத கை. சாவி நுழைந்தது, பூட்டு வாய் திறந்தது, நகை மூட்டை வெளியே வந்தது.

"இது யார் கையோ, மாமு?" என்றான் நாசர்.

இஷாக் தன் சுருக்கம் விழுந்த கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

பெட்டியைச் சாத்திய கை பூட்டைப் போட்டது. வாசலில் பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது. இன்ஸ்பெக்டர் ஓடியாக வேண்டும். கை நகரவில்லை. பூட்டை இழுத்தது, இழுத்தது, ஒரு உலுக்கு உலுக்கி மறுபடி இழுத்தது.

"இழுத்தது போதும், வாங்க!"

தன்னையறியாமல் சைதூன் போட்ட சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. அடுத்து நாசர் அடித்த விசிலில், இன்ஸ்பெக்டர் மாட்டினாரா தப்பித்தாரா என்று யாருமே கவனிக்கவில்லை.