அடுப்புக்கல்லுக்குக் கண் இருந்த ஜனவரி

கொட்டாஞ்சேனையில் றவூப் ஹாஜியாரின் அச்சகத்தில் முப்பத்தொரு வருடங்களாகக் கலண்டர்ப் படம் செய்கிறவர் சவுந்தரநாயகம். படம் வரைகிறவர் என்று சொல்ல முடியாது. லட்சுமியின் உள்ளங்கையிலிருந்து கொட்டும் காசுக்குப் பளபளப்பு ஏற்றுவது, கடை முதலாளிகளின் காலஞ்சென்ற தகப்பன்மாருக்குக் கோட்டு மாட்டிவிடுவது, மூன்று பேர் நின்ற குடும்பப் படத்திலிருந்து கோபித்துக்கொண்டு போன மருமகனை அழிப்பது, இவைதான் அவருடைய வேலை. யாரிடமும் அவர் இதைப் படித்ததில்லை. முதலில் தூரிகையிலும் பிறகு கணினியிலும், பழுதாக்கிப் பழுதாக்கிப் பிடித்துக்கொண்ட தொழில்.

சனிக்கிழமைகளில் அவர் நூலகத்தில் இருப்பார். பழைய பாட்டுகளை உரையோடு எடுத்து வைத்துக்கொண்டு, உரைகாரர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்வார். உரையில் ‘வறண்ட வாய்’ என்று இருந்தால், உதட்டில் எத்தனை வெடிப்பு என்று இரண்டு நாள் யோசிப்பார். இப்படி ஒன்பது வருடத்தில் பன்னிரண்டு படங்கள் சேர்ந்தன. நிலவைக் கொம்பில் குத்தி எடுத்துக்கொண்டு ஓடும் யாளி, மேகத்தை மாடு போலக் கட்டிவைத்துக் கறக்கும் பெண்கள், வற்றிய கடலின் அடியில் நடந்துபோய்ச் சந்தை வைக்கும் பூதங்கள். பன்னிரண்டோடு நிறுத்தியதற்குக் காரணம், ஒரு வருடத்தில் அவ்வளவு மாதங்கள்தான் இருக்கின்றன.

கண்காட்சி வைக்கலாமே என்று ஒருவர் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. கண்காட்சிக்கு வருகிறவர் ஒரு படத்தின் முன்னால் அரை நிமிடம் நிற்பார்; சுவரில் தொங்கினால் முப்பது நாள். தன்னுடைய பன்னிரண்டு படமும் ஒரு முழு வருடம் மனிதர்களுடைய சுவரில் தொங்க வேண்டும். சவுந்தரநாயகத்துக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். அந்தச் சுவர்கள் யாருடையவை என்பதைப் பற்றி அவர் அப்போது யோசிக்கவில்லை.

வாய்ப்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தது. காலி வீதியில் சீலைக்கடை வைத்திருக்கும் தனஞ்சயன் போன வருடம் இரண்டாயிரம் லட்சுமி அடித்தார். எதிர்க்கடைக்காரரும் அதே லட்சுமியை, அதே தாமரையோடு அடித்திருந்தார். வாங்கிப்போன சனம் எந்த லட்சுமி எந்தக் கடை என்று தெரியாமல், தள்ளுபடிக்கு எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அந்தக் காயம் ஆறுமுன் லண்டனிலிருந்து வந்த மைத்துனர் ஒரு கலண்டர் கொண்டுவந்தார். வெள்ளைக்காரரின் பழைய இலக்கியங்களில் வரும் பறக்கும் பாம்புகளும் இறக்கை வைத்த பெண்களும் மாதத்துக்கு ஒன்றாக அதில் இருந்தன. தனஞ்சயன் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“அண்ணை, எங்கட பழைய இலக்கியங்களில இப்பிடிச் சாமான் இருக்கோ?”

சவுந்தரநாயகம் மேசையின் கீழ் லாச்சியைத் திறந்து பன்னிரண்டையும் எடுத்து வைத்தார்.

“ரெடியாவே இருக்கு!” என்றார் தனஞ்சயன், கடைசிப் படத்தைப் பார்க்குமுன்னரே. “ஒருத்தரும் போடாத படமெண்டால் போதும். இதையே அடியுங்கோ.”

கலண்டரின் சரிபார்ப்புப் பிரதி நான்கு பேரிடம் போனது. நான்கு பேரும் மிகக் கவனமாகப் பார்த்தார்கள். தனஞ்சயன் பார்த்தது தொலைபேசி இலக்கத்தை. முன்பொரு வருடம் ஓர் இலக்கம் மாறி அச்சாகி, கூறைச்சீலைக்கு வந்த அழைப்பெல்லாம் ஒரு சவப்பெட்டிக் கடைக்குப் போயிருந்தது. கடை மனேஜர் ‘விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற வரி எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா என்று பார்த்தார். றவூப் ஹாஜியார் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்கள் சிவப்பில் விழுந்திருக்கின்றனவா, பெருநாளுக்குப் பக்கத்தில் ‘பிறை பார்த்து’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தார். தனஞ்சயனின் மனைவி ஜெகதீஸ்வரி இராகுகாலத்தையும் முகூர்த்தத்தையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான்.

“ஜனவரிக்குப் பொங்கல் படம். நல்லது,” என்றார். “அந்தப் பொம்பிளைக்குத் தலைமயிர்தான் விரிஞ்சு கிடக்கு. விடிய முழுகினவ போல.”

சவுந்தரநாயகம் பக்கத்தில்தான் நின்றார். அது பொங்கல் அல்ல, போர் முடிந்த களத்தில் பேய் ஒன்று கூழ் காய்ச்சுகிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லுகிற பழக்கம் அவரிடம் இல்லை. இருந்திருந்தால் அந்த மருமகனை அழித்த வருடமே வேலை போயிருக்கும்.

இரண்டாயிரம் பிரதிகளும் டிசம்பரில் போய்ச் சேர்ந்தன. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாகச் சீலை எடுத்தவர்கள் கேட்டும் கிடைக்காமல் திரும்பினார்கள். எதிர்க்கடைக்காரர் ஆள் அனுப்பி ஒன்று வாங்கிப் பார்த்து, “பரவாயில்லையே, பொங்கல்,” என்றாராம். ஜனவரி முதலாம் தேதியிலிருந்து வெள்ளவத்தை முழுக்கப் பேய் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சவுந்தரநாயகத்துக்கு முதலில் நிம்மதியாகவும், ஒரு கிழமை போக, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

தைப்பொங்கலன்று காலை கடை வாசலில் ஜெகதீஸ்வரி பானை வைத்தார். பால் பொங்கத் தாமதமானது. பானையையே பார்த்து அலுத்துப்போய், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தொங்கிய கலண்டரைப் பார்த்தார். படத்திலிருந்த பானையையும் தன் பானையையும், பிறகு இரண்டு அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இஞ்சை வாங்கோ,” என்று கணவரைக் கூப்பிட்டார். “இந்த அடுப்புக்கல்லுக்குக் கண் இருக்கு.”

“என்ன கண்?”

“கண்ணப்பா! தந்தமும் இருக்கு. மூண்டும் யானைத் தலை. ஐயோ, அவள் கிண்டுறது அகப்பையில்லை, ஆரின்ரையோ கை!”

பால் பொங்கி வழிந்தது. பார்க்க ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் தனஞ்சயன் கொட்டாஞ்சேனையில் நின்றார். றவூப் ஹாஜியார் கலண்டரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மற்றவர்களுடைய தெய்வப் படங்களை அவர் எப்போதும் உற்றுப் பார்ப்பதில்லை. நிறம் ஒழுங்காக விழுந்ததா என்று மட்டும் பார்ப்பார். இதிலும் நிறம் நன்றாகவே விழுந்திருந்தது.

“என்ன சவுந்தரம் இது, பேயா? நல்ல நாளும் பெருநாளுமா மனுசன் பேய அடிப்பானா?”

“அண்ணை, தெரிஞ்சுதானே செய்தனீங்கள்?” என்றார் தனஞ்சயன்.

“ஓம் முதலாளி. பாட்டில அப்பிடித்தான் இருக்கு. அடுப்புக்கல்லு யானைத் தலை.”

“பாட்டில இருக்கிறதெல்லாம் சீலைக்கடைக்குச் சரிவருமோ? கலியாண வீட்டுக்கு உடுப்பெடுக்கிற சனம் ஐயா! அவையின்ர வீட்டில ஒரு வருசம் பேய் தொங்கினா என்ர கடையை ஆர் நினைப்பினம்?”

எல்லாரும் நினைப்பார்கள் என்று சவுந்தரநாயகத்துக்குத் தோன்றியது.

தீர்ப்பு இதுதான். பெரிய வாடிக்கையாளர் நாற்பத்தெட்டு வீடு. அந்த வீடுகளுக்குச் சவுந்தரநாயகமே போய், அந்தக் கலண்டரை வாங்கிக்கொண்டு, வேறொன்றைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வேறொன்று என்பது ஹாஜியாரிடம் எப்போதும் கையிருப்பில் உள்ள அருவி. பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அருவி, கீழே தேதி மட்டும் கிழிபடும். அது எந்த நாட்டு அருவி என்று யாருக்கும் தெரியாது.

“மற்ற ஆக்கள்?” என்று கேட்டார் சவுந்தரநாயகம்.

“அவை படம் பாக்கமாட்டினம். இந்த நாப்பத்தெட்டுத்தான் எனக்குச் சோறு,” என்றார் தனஞ்சயன். பட்டியலை நீட்டினார். “வாங்கினதோ இல்லையோ எண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே எழுதிக் கொண்டாங்கோ. ஹாஜியார், ஒரு வீடு தப்பினாலும் அடுத்த வருசம் வேற அச்சகம்.”

ஹாஜியார் சவுந்தரநாயகத்தைப் பார்த்தார். “கேட்டீங்க தானே? அவரு போனா, நீங்களும் வீட்ட போக வேண்டியதுதான்.”

சவுந்தரநாயகம் இரண்டு நாள் நடந்தார். கக்கத்தில் அருவிச் சுருள், சட்டைப் பையில் பட்டியல். முதல் வீட்டில் ஓர் ஆணியில் ஆறு கலண்டர் தொங்கியது. வங்கி, மருந்துக்கடை, நகைக்கடை மூன்றுக்கும் அடியில், நான்காவதாகப் பேய். அந்த வீட்டுக்காரர் அதை இன்னும் பார்க்கவே இல்லை. “அருவியையும் தந்திட்டு இதையும் விட்டிட்டுப் போங்கோவன்,” என்றார். இன்னொரு வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ஓரிடத்தில் பெட்டி பெட்டியாக வேலைக்காரி வராத நாளும் காஸ் சிலிண்டர் மாற்றிய நாளும் எழுதியிருந்ததால், வீட்டம்மா அவற்றை அருவிக்குப் படியெடுத்து முடியும்வரை அவர் நிற்க வேண்டியிருந்தது.

வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் அஸ்கா என்ற பெண் கதவைத் திறந்தார். தங்கையின் கலியாணத்துக்கு மொத்தமாக உடுப்பெடுத்த குடும்பம். சுவரில் கலண்டரின் கீழ்ப்பாதி மட்டும், அளவெடுத்து வெட்டியது போல நேராகத் தொங்கியது.

“கோவிச்சுக்காதீங்க அங்கிள். படம் வடிவுதான். ஆனா உசுருள்ள உருவம் நாங்க சுவர்ல மாட்டுறல்ல.”

“அது உயிருள்ளதில்லைப் பிள்ளை,” என்றார் சவுந்தரநாயகம். முன்பு சொல்லாமல் விட்டதற்குப் பட்டது போதும் என்று இருந்தது அவருக்கு. “பேய்.”

“அல்லாவே! நான் பொங்கல் எண்டுதானே நெனச்சேன்! அப்ப வெட்டினதே நல்லம்.”

“வெட்டின துண்டு?”

“மகள்ட கொப்பிக்கு உறை போட்டாச்சி. நல்ல தடிச்ச பேப்பர். வெள்ளப் பக்கம் வெளியால.”

“பன்னிரண்டையுமோ?”

“ஒம்பது பாடம் அங்கிள். மிச்சம் மூணும் மாமிட மகனுக்கு.”

ஒன்பது வருடம் வரைந்த படங்கள் ஒன்பது பாடத்துக்கு உறையாகியிருந்தன, படம் உள்ளுக்கு. அவர் தேதித் துண்டை வாங்கிக்கொண்டு அருவியைக் கொடுத்தார். அருவியில் உயிர் எதுவும் இல்லையா என்று அஸ்கா ஒருமுறை உற்றுப் பார்த்து, மூலையில் நின்ற ஒரு சின்னக் கொக்கைக் காட்டிச் சிரித்தார்.

முப்பத்தேழாவது வீடு கடலோரம், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் தனுஷியா. நாற்பது வயதிருக்கும். ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக வேலை.

“கலண்டரைத் திருப்பிக் கேக்கிறியளோ?” என்றார். “விற்ற சாமான் திருப்பி எடுக்கமாட்டம் எண்டு அதிலயே எழுதிக் கிடக்கு. குடுத்த சாமான் மட்டும் எடுப்பியளோ?”

“அதில ஒரு பிழை…”

“தெரியும். பல்லுத்தானே?”

சவுந்தரநாயகம் நின்றுவிட்டார். “என்ன பல்லு?”

“அந்தப் பேய்க்கு முப்பத்தாறு பல்லு.”

ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் அவர் கேட்டார்.

“பேய் எண்டு எப்பிடித் தெரியும்?”

“பின்னை? யானைத் தலையில பானை வைச்சு மனிசரோ பொங்குறது?”

“எண்ணினியளோ?”

“நாள் முழுக்க ஆக்களின்ர வாய்க்குள்ளதானே நிக்கிறன். வாய் திறந்திருந்தா கை தன்ர பாட்டில எண்ணும். மேல பதினெட்டு, கீழ பதினெட்டு.”

“வேணுமெண்டுதான் வைச்சது,” என்றார் சவுந்தரநாயகம். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “மனிசருக்கு முப்பத்திரண்டு. அதுக்கு மூலைக்கு ஒண்டு கூட.”

“ஓ. நீங்களோ கீறினது?”

அவர் நிலத்தைப் பார்த்து, “ஓம்,” என்றார்.

“அப்ப ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையுங்கோ. இடப்பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லு பிழை. வலப்பக்கத்துப் பல்லைத் திருப்பாமல் அப்பிடியே கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்.”

குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு ஆணியில் ஒரே கலண்டராக அது தொங்கியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். உண்மைதான். கணினியில் பிரதி எடுத்தபோது திருப்பிப் போட மறந்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தோடு, பசித்தவன் சாப்பிட்டு எழும்பியது போன்ற ஒரு திருப்தியும் சேர்ந்து வந்தது.

“பெப்ரவரியில…” என்று தொடங்கினார்.

“சொல்லாதையுங்கோ! நான் பிரட்டிப் பாக்கேல்லை. மாசம் பிறக்கட்டும் எண்டு விட்டு வைச்சிருக்கிறன்.” தனுஷியா அவர் கக்கத்திலிருந்த சுருளைப் பார்த்தார். “அதென்ன?”

அவர் விரித்துக் காட்டினார்.

“இது எங்கட கிளினிக்கிலயும் தொங்குது. பல்லுப் பிடுங்க வாறவை பயப்படாமல் இருக்கவாம். நான் இதை என்ன செய்யிறது?”

சவுந்தரநாயகம் அருவியைச் சுருட்டினார். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று தனுஷியா சொல்ல, நின்றபடி குடித்தார். படியில் இறங்கும்போது பட்டியலை எடுத்து, முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே, முத்து முத்தான எழுத்தில் ‘வீடு பூட்டு’ என்று எழுதினார். எந்த உரையிலும் இல்லாத பொய் ஒன்றை அவர் எழுதியது இதுதான் முதல்தடவை. திருப்பிப் படித்துப் பார்த்தார். எழுத்தில் பிழை இல்லை. ஹாஜியார் நம்புவாரா, தனஞ்சயன் நம்புவாரா என்று யோசித்தபடி காலி வீதி வரை நடந்தார். முடிவொன்றும் கிடைக்கவில்லை. ஐம்பத்தேழு வயதில் வேறு அச்சகம் தன்னை எடுக்காது என்பது மட்டும் தெரிந்தது.

மணி நான்குதான். இன்னும் பதினொரு வீடு இருந்தது. அவர் பஸ் தரிப்பில் குந்தி, பட்டியலை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கு நேரேயும் அதே இரண்டு சொல்லை எழுதி, அந்த வீடுகளையும் பூட்டினார்.